எடை மேடை ஏகாம்பரமும் என் இஞ்ச் டேப்பும்

போன் வந்தபோது நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அண்ணிதான் பேசினார். "ரீட்டா, உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். "எங்க போனாரு?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது ஏகாம்பரம் அண்ணனுக்குப் பழக்கம். ஒரு தடவை திருப்பதியில் இருந்து போன் செய்தார், ஒரு தடவை நாகப்பட்டினத்தில் இருந்து. அந்தப் பக்கம் அண்ணியின் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் கத்தரிக்கோல் தன் போக்கில் போய், முழங்கை வரை வர வேண்டிய கை அரைக் கையாகிவிட்டது. "இப்ப இதாம்மா பேஷன்" என்று மணப்பெண்ணின் அம்மாவிடம் சொல்லி, இன்னொரு கையையும் அதே அளவுக்கு வெட்டி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

காலையில் முதல் லாரியை எடை போட்டிருக்கிறார். டீ வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது" என்று நாற்காலியில் சாய்ந்தவர், டிரைவர் டீயோடு திரும்பி வந்தபோது உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், மாரடைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மரக்காணத்தில் ஏகாம்பரம் அண்ணனைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் உப்பில்லாமல் சாப்பிடுகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். உப்பளத்தில் இருந்து மூட்டை ஏற்றிக் கிளம்பும் லாரிகள் அவர் வேலை பார்க்கும் எடை மேடையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் ஈசிஆர் ரோட்டைப் பிடிக்கும். ஆனால் நான் இதை லாரிக்காரர்களுக்காக எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் அவரோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் ஒரே நோய், பைபோலார். தமிழில் இருதுருவ மனநோய் என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பனிக்கரடிதான் ஞாபகம் வருகிறது. அண்ணன் அதற்குத் தன் தொழிலில் இருந்தே பேர் வைத்திருந்தார். மனசு தலைகால் தெரியாமல் ஓடும் காலம் 'லோடு'. எழுந்து பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லாத காலம் 'காலி'. "இன்னா டெய்லரம்மா, லோடா காலியா?" என்பதுதான் எங்களுக்குள் குசலம் விசாரிக்கும் முறை.

இப்போது அவசரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாவு வீட்டில் கிளியனூரில் இருந்து வந்த அவருடைய பெரியப்பா மகன், மாலையைப் போட்டுவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு வார்த்தை சொன்னார். "பைத்தியத்துக்குன்னு குடுத்தானுங்களே மாத்திரை, அதான் ஆள அடிச்சிடுச்சு." எங்கள் வரிசையில் வரும் அஞ்சலை என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள், சின்ன வயது, ரெண்டு பிள்ளைகள். அவள் முகம் செத்துப்போனது. மறுநாளில் இருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். மறைப்பானேன், அதைக் கேட்டு நானும் ஆடித்தான் போனேன்.

முதன்முதலில் அவரை நான் பார்த்தது பாண்டி பஸ்ஸில். பார்த்தது என்றால், எங்கள் ஊர் எடை மேடைக்காரர் என்று தெரியும், பேசியது இல்லை. "எங்கம்மா காலங்காத்தால?" என்றார். "பல்லு டாக்டர்கிட்ட" என்றேன். "அட, நானும் பல்லுக்குத்தான்" என்றார். கீழ்புத்துப்பட்டு வரும் வரைக்கும் இருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் நான் சுற்றிவளைத்துக்கொண்டு போய், மனநலப் பிரிவு என்று எழுதியிருந்த போர்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தால், அதே பெஞ்சின் மறுகோடியில் அவர். போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நம்ம பல்லு மூளை வரைக்கும் வேர் உட்டுடுச்சு போலக்குதேம்மா" என்றார். அந்த வராந்தாவில் அதற்கு முன்னால் யாராவது அப்படிச் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் முதலில் உள்ளே அனுப்பிவிட்டார்.

தையல்காரிக்குத் தெரியாமல் ஒரு ஊரில் யாரும் பருக்க முடியாது. புள்ளை உண்டான சேதிகூட மாமியார்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஏகாம்பரம் அண்ணன் மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச மாதத்தில் ஒரு கட்டுச் சட்டையோடு கடைக்கு வந்தார். எல்லாவற்றிலும் பொத்தான் தெறித்திருந்தது. "பிரிச்சி விடும்மா" என்றார். "நான் லேடீஸ் டெய்லருண்ணா" என்றேன். "சட்டைக்கு இன்னா ஆம்பள பொம்பள? தாராளமா உடு." ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைப்போம், நாளைக்குப் பிரித்து விடலாம். ஜென்ட்ஸ் டெய்லர்களோ, ஆம்பிளை என்றால் ஜென்மத்துக்கும் பருக்க மாட்டான் என்று நம்பித் தைக்கிறவர்கள். பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் பக்கத்துக்கொரு நிறத்தில் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் ரோட்டில் போனபோது எந்தக் கட்சி என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

எல்லாம் பசி செய்த வேலை. அந்த மாத்திரையில் ஒன்று அப்படி. எனக்கும் தெரியும், நானும் தின்றிருக்கிறேன். "போட்ட கொஞ்ச நேரத்துல வயித்துல ஒரு லாரி வந்து நின்னு ஆரன் அடிக்குதும்மா, வழி உட்டாத்தான் அடங்குது" என்பார். அண்ணி பிஸ்கட் டப்பாவை அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். அண்ணன் அரிசியை எல்லாம் முறத்தில் கொட்டி, டப்பாவை எடுத்து, தின்றுவிட்டு, அரிசியை மறுபடி மூட்டையில் நிரப்பி வைப்பார். அவ்வளவு வேலை செய்வதால் உடம்பு இளைக்கும் என்பது அவர் வாதம். தினமும் காலையில் மேடையைத் திறந்ததும் தானே அதில் ஏறி நிற்பார். லாரிக்குக் கட்டிய மேடை அது. தனி ஆள் ஏறினால் மதிக்காது, பூஜ்யத்திலேயே நிற்கும். ஒருநாள் மதித்துவிட்டது. சிவப்பில் ஓர் எண் எரிந்ததாம். செருப்புப் போடாமல் என் கடைக்கு ஓடி வந்தார். "டெய்லரம்மா, மெஷினு என்னை லாரின்னு ஒத்துக்கிச்சு!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று சாயங்காலமே மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார் என்பது எனக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது.

அந்த மாசமே லோடு ஏறிவிட்டது. தூக்கம் இல்லை, பேச்சு நிற்கவில்லை. மைக் செட் வாடகைக்கு எடுத்து எடை மேடையில் கட்டினார். "மரக்காணத்துப் பெருமக்களே! தன் எடையைத் தான் தெரிஞ்சிக்கிறது மனுசனோட பொறப்புரிமை! வாங்க, ஏறுங்க, ப்ரீ!" ஓசி என்றால் நம் ஜனத்துக்குச் சொல்ல வேண்டுமா? குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தார்கள். தனி ஆளை மெஷின் மதிக்காது என்பதால் ஒரு குடும்பத்தை மொத்தமாக ஏற்றி, 'குடும்ப எடை' என்று மைக்கில் அறிவித்தார். அதில் யார் பங்கு எவ்வளவு என்று மாமியாரும் மருமகளும் மேடையிலேயே சண்டை போட்டார்கள். இரண்டு வெள்ளாடும் ஏறின. உப்பு லாரிகள் ஈசிஆர் வரைக்கும் வரிசை கட்டி ஆரன் அடித்தன. முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "ஏகாம்பரம், இன்னாய்யா கூத்து இது?" "மொதலாளி, நீங்களும் வூட்ல இருக்கிறவங்கள கூட்டினு வாங்க" என்றார் இவர் மைக்கில். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஏறித் தொலைத்தார்.

ஊர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அதற்கு அடுத்த மாதத்தைப் பற்றி ஊருக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவர் எழவில்லை. குளிக்கவில்லை. அண்ணி வாயில் ஊட்டினால் மென்றார், இல்லாவிட்டால் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிப் பார்த்தேன். கிளம்பும் நேரத்தில் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "காலி வண்டிக்கும் எடை இருக்குதும்மா. அதை எவனும் கணக்குல எடுத்துக்க மாட்டேன்றான்." நான் அடுப்படிக்குப் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கும் அந்த எடை தெரியும்.

அண்ணியும் நானும் அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனோம். எங்கள் டாக்டர் நல்ல மனிதர், பொறுமைசாலி, கொஞ்சம் தொப்பை. "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார். "லாரியாயிட்டேன் சார்" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். அன்றைக்குத்தான் அண்ணனுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். ஏறியிருந்தது. கொழுப்பும் ஏறியிருந்தது. டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மாத்திரை மட்டும் குற்றவாளி இல்லை, இந்த நோயே உடம்பின் கணக்கைக் கலைக்கும் என்றார். தூக்கம் கெட்டால் பசி கெடும். பசி கெட்டால் சர்க்கரை கெடும். சர்க்கரையும் எடையும் ஏறினால் மனசும் சீக்கிரம் நிலைக்கு வராது. மாற்றி மாற்றி இழுக்கும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதயத்தையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "இதை முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்" என்றார். பசியைக் கிளப்பிய மாத்திரையை மாற்றி, மனசை நிலையில் நிறுத்தும் லித்தியம் என்ற மாத்திரையை மட்டும் பழையபடியே தொடரச் சொன்னார். "எடையைவிட இடுப்பைக் கவனிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் கடைசி வார்த்தைதான் என் தலையில் விடிந்தது. அண்ணன் தெம்பாகி எழுந்து நடமாடியதும் நேராக என் கடைக்கு வந்து, என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவினார். "ஒரு நிமிசம் குடும்மா." அந்த ஒரு நிமிஷம் அவர் சாகும் வரை முடியவில்லை. அண்ணியின் நெயில் பாலிஷை எடுத்து டேப்பில் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தார். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, இதைத் தாண்டாதே என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் இடுப்பளவு எடுத்தார். பெண்கள் பக்கம் என்னைத் தள்ளிவிட்டார். "ஏங்க, நான் பேசன்ட் இல்லீங்க, கூட வந்தவன்" என்று கெஞ்சியவர்களையும் விடவில்லை. வாசல் காவல்காரரை அளந்தார். கேன்டீன் போண்டா மாஸ்டரை அளந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார், அவரிடம் அண்ணனுக்குச் சில்லறைத் தேவைகள் இருந்தன.

கடைசியில் டாக்டர் அறைக்குள் போய், "சார், கொஞ்சம் எந்திரிங்க" என்றார்.

"எதுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம் சார்."

டாக்டர் எழுந்து நின்று கைகளைத் தூக்கினார். புள்ளி எங்கேயோ பின்பக்கம் போய்விட்டது. "வெளிய சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர். அண்ணன் வெளியே வந்து முதல் வேலையாக எல்லோரிடமும் சொன்னார். அதோடு விடவில்லை. "தலையை மட்டும் பாக்குறீங்களே சார், அந்தத் தலையைத் தூக்கினு பஸ்ஸேறி வர்ற உடம்பு இன்னா ஓசியா?" என்று வாரா வாரம் கேட்டுக் கேட்டு, எங்கள் வரிசையில் எல்லோருக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வைத்துவிட்டார். எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடித்ததும் அப்படித்தான். அன்றைக்கு அவர் கேட்டிராவிட்டால் என் கதையும் சேர்ந்து எப்போதோ முடிந்திருக்கும்.

இனி அந்த உப்பு விவகாரம். இதை இந்த ஊர்க்காரன் ஒருவனால்தான் செய்ய முடியும்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அண்ணன் திண்டிவனத்தில் வேறொரு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். போகிறவர் ஒழுங்காகப் போனாரா? இரண்டு பை வைத்திருந்தார். ஒரு மஞ்சள் பையில் சர்க்கரைச் சீட்டு, மாத்திரை. அது வீட்டு வாசலில் ஆணியில் பகிரங்கமாகத் தொங்கும். இன்னொரு துணிக்கடைப் பையில் மனநலச் சீட்டும் லித்தியமும். அது பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில். எங்கள் எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம். சர்க்கரை வந்தால் கௌரவம், ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். இது வந்தால் பட்டுப்புடவைக்கு அடியில். அதனால் திண்டிவனத்து டாக்டருக்கு லித்தியம் சமாச்சாரமே தெரியாது. பிரஷர் கொஞ்சம் கூட இருந்ததைப் பார்த்து, "உப்பைக் குறைங்க" என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். தலைக்கு ஒரு டாக்டர், உடம்புக்கு ஒரு டாக்டர். நடுவில் கழுத்து என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவருக்குக் குறைப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஒன்று லோடு, இல்லை காலி. உப்பை அடியோடு விட்டார். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லா ரசம். ஊறுகாயைத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தின்றார். சித்திரை வெயிலில் உப்பளத்து வரப்பில் வேர்க்க விறுவிறுக்க நடக்கவும் ஆரம்பித்தார். பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாண்ணா, காலடியில மலை மலையாக் கெடக்குது, வாய்க்கு ஒரு கல்லு கெடையாதா?" என்று கேட்டவள் அஞ்சலைதான்.

கொஞ்ச நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு. நாக்குக் குழறியது. லாரிக்கு எடை போட்ட கையோடு எழுந்து நடந்தவர் தள்ளாடி ஆபீஸ் கதவில் மோதிக்கொண்டார். டிரைவர்கள் கைதட்டினார்கள். "ஏகாம்பரண்ணன் காலையிலயே ஏத்திட்டாருடோய்!" ஆயுசில் ஒரு சொட்டுத் தொடாதவர். அண்ணி வந்து வாயை முகர்ந்து பார்த்தார். நாற்றம் இல்லை. "நாத்தம் அடிக்காத சரக்கு பாண்டியில வந்திருக்குதாம்" என்று எவனோ சொல்ல, அண்ணி அதையும் நம்பித் தலையில் அடித்துக்கொண்டார். "யாருடா வாங்கிக் குடுத்தது?" என்று அவர் விளக்குமாற்றோடு கிளம்பிய நேரத்தில்தான் நான் அங்கே போனேன்.

எனக்கு அந்த நடுக்கத்தைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்கள் டாக்டர் எனக்கு லித்தியம் ஆரம்பித்த அன்று தெளிவாகச் சொல்லியிருந்தார். உப்பைத் திடீரென்று குறைக்காதே, கூட்டாதே, தண்ணீரைக் குறைக்காதே, கை நடுக்கமும் பேதியும் தள்ளாட்டமும் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடிவா என்று. அண்ணனுக்கும்தான் சொல்லியிருந்தார். அண்ணன் அந்தச் சமயம் போண்டாவை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். "அண்ணி, இது சரக்கில்ல, மாத்திரை! வண்டி பிடிங்க!" என்று கத்தினேன். ஆட்டோ இல்லை. மேடையில் நின்றது உப்பு லாரிதான். மேலே ஏற்றி, டிரைவர் பக்கத்தில் அண்ணனைச் சாய்த்து உட்கார வைத்தோம். அந்த நிலையிலும் அவர் குழறிக்கொண்டே சொன்னார்: "என்னைச் சேத்து எட போட்டுடாதடா, உப்பு வாங்குற பார்ட்டி சண்டைக்கு வருவான்."

பாண்டி ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்து, லித்தியம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது என்றார்கள். சிறுநீரகம் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள். எங்கள் டாக்டர் வந்து விளக்கினார். லித்தியமும் உப்புக்குப் பங்காளிதான். உடம்புக்கு உப்பும் தண்ணீரும் போதாதபோது சிறுநீரகம் ஆள் தெரியாமல் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்வை வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புறவன் உப்பில்லாம செத்தான்னு போஸ்டர் அடிச்சிருப்பானுங்க சார்" என்றார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்தது கோபம். "ரெண்டு பை வெச்சிக்கினு ரெண்டு டாக்டரையும் ஏமாத்தினீங்களே, யாரை ஏமாத்துனீங்கன்னு இப்ப தெரியுதா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். "ஒரு பை தெச்சுக் குடும்மா. பெருசா" என்றார் அண்ணன்.

தைத்துக் கொடுத்தேன். ரவிக்கை வெட்டில் விழுந்த பட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்ட பை, கண்ணைப் பறிக்கும். சர்க்கரைச் சீட்டும் மனநலச் சீட்டும் அதில் ஒன்றாகப் போயின. அதை வாசல் ஆணியில் மாட்டினார். பார்த்தவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார். "லோடும் காலியும் ஒரே வண்டிதான்ம்மா. தலைக்கு ஒரு சீட்டு, ஒடம்புக்கு ஒரு சீட்டுன்னு போட்டா எட எப்படிச் சரியா வரும்?" கொஞ்ச நாளில் வரிசையில் எல்லோரும் என்னிடம் பை கேட்டார்கள். திண்டிவனத்து டாக்டரும் பாண்டி டாக்டரும் முதல் தடவையாகப் போனில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கும் இரண்டு பெரிய மனிதர்களைச் சேர்த்து வைக்க எனக்கு ஒரு முழம் ஒட்டுத்துணிதான் செலவு.

அதற்குப் பிறகு நல்ல வருஷங்கள் வந்தன. லோடும் வரும், காலியும் வரும், ஆனால் வண்டி கவிழவில்லை. மகளைக் கோட்டக்குப்பத்துப் பக்கம் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு அனுப்பினார். இடுப்பு புள்ளிக்குக் கிட்டே வந்தது. போண்டாவை விட்டுவிட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்வார். சத்தியம் செய்த கையில் எண்ணெய் மினுங்கும். ஆனால் முன்னாலேயே உள்ளே நடந்திருந்த சேதம் நடந்ததுதான். இடையில் ஒரு தடவை பார்த்த இதய டாக்டர் அண்ணன், அண்ணி இருவரிடமும் அதைச் சொல்லியிருந்தாராம். அண்ணன் எங்களிடம் சொல்லவில்லை. அதற்காக அவரிடம் சண்டை போட எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.

காரியத்தன்று பந்தியில் அந்தக் கிளியனூர்க்காரர் மறுபடி ஆரம்பித்தார். இலையில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டே, "அந்த மாத்திரை மட்டும் இல்லன்னா ஏகாம்பரம் இன்னும்..." என்றார். பரிமாறிக்கொண்டிருந்த கஸ்தூரி அண்ணி கரண்டியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மாத்திரை இல்லன்னா இன்னும் இன்னா? மாத்திரை இல்லாம இருந்த ஆள நீ பார்த்தியா? செவுத்தப் பாத்து படுத்துக்கினு, பொழுது விடிஞ்சா ஏன் விடிஞ்சிச்சின்னு அழுவாரே, அப்ப வந்தியா நீ? கயிற எல்லாம் எடுத்து ஒளிச்சி வெச்சிக்கினு உக்காந்திருந்தேன் நானு. அப்புறம் வந்தாரு பாரு என் புருசன், அது மாத்திரை திருப்பிக் குடுத்த புருசன். பொண்ணு வேலைக்குப் போறதப் பார்த்துட்டுப் போனாரு. நெஞ்சு போச்சு, மனசு போவல. மாத்திரைய நிறுத்தச் சொல்ற வாயால மொதல்ல அந்தப் பாயசத்த நிறுத்து!"

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் இஞ்ச் டேப்பை எடுத்து என் கையில் வைத்தார். "அவரு சட்டப் பையில இருந்துச்சும்மா. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இவர அள" என்றார். நான் தயங்கவே இல்லை. கிளியனூர்க்காரரை எழுப்பி நிறுத்தி அளந்தேன். புள்ளியைத் தாண்டி ஒரு சாண். "இவ்ளோவா?" என்றார் அவர், இலையைப் பார்த்துக்கொண்டு. எதிர் வரிசையில் அஞ்சலை முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

மறுநாள் என் கடைக்கு வந்தாள். நிறுத்திய மாத்திரைகளைத் துணி வெட்டும் மேஜையில் வைத்தாள். "பயமா இருக்குதுக்கா. போட்டா நெஞ்சு போயிடுமோன்னும் பயமா இருக்குது, போடலன்னா புத்தி போயிடுமோன்னும் பயமா இருக்குது" என்றாள். எனக்கும் அதே பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு இடுப்பளவு எடுத்தேன். புள்ளிக்குள்தான் இருந்தாள். ஒரு பை தைத்துக் கொடுத்தேன். "நீயா நிறுத்தாத, நீயா தொடங்காத, செவ்வாய்க்கெழம டாக்டர் முன்னாடி எல்லாத்தையும் கொட்டு. நான் கூட வர்றேன்" என்றேன்.

அண்ணன் எனக்கென்று விட்டுவிட்டுப் போனது என்னுடைய இஞ்ச் டேப்பைத்தான். நெயில் பாலிஷ் புள்ளி மங்கிவிட்டது, மேலே புதிதாக வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு இப்போது வேறு டேப் வாங்கிவிட்டேன், இது ஆஸ்பத்திரிக்கு.

செவ்வாய்க்கிழமை அஞ்சலையும் நானும் பாண்டி பஸ் ஏறினோம். "எங்க காலையிலயே?" என்று கண்டக்டர் கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "மனநல டாக்டர்கிட்ட" என்று சொன்னாள். வரிசையில் அண்ணன் உட்காரும் பெஞ்சுக் கோடியில் யாரும் உட்காரவில்லை. எங்கள் முறை வந்தது. உள்ளே போய் நான் பையில் இருந்து டேப்பை எடுத்ததுதான் தாமதம், ஒரு வார்த்தை கேட்காமல் டாக்டர் எழுந்து நின்று கைகளைத் தூக்கினார்.